ஆறு மாதம் யோசித்த குழுவுக்கு ஓர் அவசரக் கடிதம்

பெறுநர்:
தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு,
புது தில்லி.

பொருள்: தங்கள் நிதானத்துக்கு நன்றி கூறுதல்.

மகா கனம் பொருந்திய குழுவினருக்கு,

நடிகர் விவேக்கின் மரணத்துக்கும் கொரோனா தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்ற தங்கள் முடிவு 2021 அக்டோபரில் எங்களை வந்தடைந்தது. அவர் இறந்தது ஏப்ரல் 17. ஆறே மாதம்! இதே விசாரணையை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அன்று காலை காபி ஆறுவதற்குள் முடித்துத் தீர்ப்பும் எழுதிவிட்டோம். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெரியப்பா மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர்தான் என்றாலும் இதயநோய் பற்றி அவருக்குத் திடமான கருத்துகள் உண்டு.

எங்கள் முறை எளிது. ஏப்ரல் 15 அன்று விவேக் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், எல்லோரும் பயமில்லாமல் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே கேமராக்கள் முன்னால் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மயங்கி விழுந்தார். அதற்கும் மறுநாள் விடியலில் இறந்தார். முன்னால் நடந்தது காரணம், பின்னால் நடந்தது விளைவு, வழக்கு முடிந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததாகச் சொன்ன நம் முன்னோர், காக்கைமேல் வழக்குப் போடாமல் விட்டது வெறும் சோம்பேறித்தனம்.

இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு என்று சிகிச்சை அளித்த மருத்துவர்கள் உடனே சொன்னார்கள். ஊசிக்குத் தொடர்பில்லை என்று சுகாதாரத் துறைச் செயலரும் சொன்னார். அந்தக் குழாயில் கொழுப்பு படிய வருடக்கணக்காகும். ஆனால் அவர்கள் பேட்டியைச் சில வினாடி கிளிப்பாக நறுக்கும்போது அடைப்பு உதிர்ந்துவிடுகிறது, ஊசி மட்டும் தங்கிவிடுகிறது. மூடநம்பிக்கையைக் கிண்டலடித்தே பேர் வாங்கிய மனிதரின் சாவை வைத்து இது நடந்தது.

தொலைக்காட்சிகளை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் எதையும் அடித்துச் சொல்வதில்லையே! 'தடுப்பூசிதான் காரணமா?' என்று கேட்பதோடு சரி. சிவப்புப் பட்டையில் ஓடும்போது அந்தக் கேள்விக்குறி வீட்டில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. வழக்கு வந்தால் வக்கீல் கண்ணுக்கு மட்டும் பளிச்சென்று தெரியும். ஊசியைப் பற்றி ஆவேசமாகப் பேசிய ஒரு நடிகருக்கு முன்ஜாமீன் கொடுத்தபோது, தடுப்பூசி வாங்க 2 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். பார்வர்டு செய்தவர்களிடம் தலைக்கு ஒரு ரூபாய் வாங்கியிருந்தால் மாநிலத்துக்கே ஊசி வாங்கியிருக்கலாம்.

தாங்கள் அறிக்கைக்கு மெருகேற்றிய மாதங்களில் இங்கே விஞ்ஞானம் வேறு திசையில் வளர்ந்தது. ஊசிக்கும் கறிக்கும் ஆகாது, ஊசிக்கும் சரக்குக்கும் ஆகவே ஆகாது. கறி நாளான ஞாயிற்றுக்கிழமை மெகா தடுப்பூசி முகாமுக்கு வர ஆட்கள் தயங்கியதால், அதே அக்டோபரில் மாநில அரசு முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியது. ஆட்டுக்கறிக்கு வழிவிட்ட அரசாங்கம் என்று சிரித்தவர்கள் உண்டு, நான் சிரிக்கவில்லை. ஜனம் எங்கே பின்வாங்குகிறது என்று பார்த்து அரசு ஓர் அடி நகர்ந்தது. தாங்கள் நகரவில்லை.

விவேக் இறந்த சமயம், 45 வயது தாண்டிய எல்லோருக்கும் ஊசி திறந்துவிடப்பட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. போடலாமா வேண்டாமா என்று வீடுவீடாக விவாதம் நடந்தது. மே மாதம் ஆக்சிஜனுக்கு அலைந்தோம். தங்கள் முடிவு தேவைப்பட்டது அப்போது. வந்ததோ அலை வடிந்த பிறகு.

முறையான ஆய்வுக்கு நாள் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். முழு அறிக்கையை ஆறு மாதம் கழித்தே கொடுங்கள். ஆனால் இதுவரை தெரிந்தது இது, தெரியாதது இது, மீதியை இன்ன தேதியில் சொல்வோம் என்று முதல் வாரத்திலேயே நல்ல தமிழில், பெரியப்பா பார்வர்டு செய்யக்கூடிய நீளத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள். எண் கொடுத்தால் எங்கள் குழுவிலேயே சேர்த்துக்கொள்கிறோம். குட்மார்னிங் படங்களை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடும்ப வாட்ஸ்அப் குழு அட்மின்