தங்கவயலில் ஒரு மறைவு

கோலார் தங்கவயலில் உயிர்வேலி என்றால் அது துரைமார் பங்களாவுக்கு உரியது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து சுரங்கம் தோண்டத் தொடங்கியபின், வெள்ளைக்காரர்கள் இந்த ஊரைக் குட்டி இங்கிலாந்து என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஆக்கிக்கொண்டார்கள். கிளப், கோல்ஃப் மைதானம், சிவனசமுத்திரத்திலிருந்து 1902இல் வந்துசேர்ந்த மின்சாரம், ஓட்டுக்கூரை பங்களா, பங்களாவைச் சுற்றி அளவெடுத்து வெட்டிய பச்சை வேலி. என் தாத்தா அப்படியொரு பங்களாவில் மாலியாக இருந்தார். டுரண்டா வேலியை ஆள் உயரத்துக்கு மேல் வளர்த்து, அடியிலும் இலை அடர்ந்திருக்கும்படி வெட்டுவது அவர் வேலை. அடிப்பக்கம் அகலமாகவும் மேல்பக்கம் குறுகலாகவும் வெட்டினால்தான் கீழ்க்கிளைக்கு வெயில் கிடைக்கும், வேலி காலில் மொட்டையாகாது என்பார். எனக்குத் தெரிந்த முதல் தோட்டப்பாடம் அது.

வேலியை வளர்த்தவரின் வீட்டுக்கு வேலி கிடையாது. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான லைனில் எங்கள் வீடு மூங்கில் தட்டிச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட ஒற்றை அறை. அதை ஒட்டி அடுத்த அறை, அதற்கும் அடுத்தது. தட்டியில் மண் பூசி, பழைய பேப்பர் ஒட்டியிருந்தாலும் பக்கத்து வீட்டு இருமல் நம் தலையணையில்தான் கேட்கும். குழாய் பொது, கழிப்பிடம் பொது. பெண்கள் குளிக்க வேண்டுமென்றால் விடியலுக்கு முன், வீட்டுப் பின்புறம் நாலு கொம்பு நட்டு, பழைய புடவையைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். அக்கா குளிக்கும்போது அம்மா காவல் நிற்பாள். அம்மா குளிக்கும்போது அக்கா.

ஆண்களுக்கு மட்டும் மறைவு இருந்ததா? ஷிப்ட் முடிந்து கேஜ் என்ற இரும்புக் கூண்டில் மேலே வருகிறவர்களைத் தங்கத்துக்காகச் சோதிப்பார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம். அங்கே வெந்து, நனைந்து வந்த உடம்பை யாரோ தடவிப் பார்க்க விட்டுக்கொண்டு நிற்பது அப்பாவுக்குப் பழகிப்போயிருந்தது என்று நான் நினைக்கவில்லை. அதைப் பற்றி அவர் வீட்டில் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய நிர்வாகம் முயன்றபோது தங்கவயல் முழுவதும் வேலையை நிறுத்தியது. கூலிக்காக அல்லாமல், தங்கள் விரல்நுனி தங்களுடையது என்று சொல்வதற்காக எங்கள் ஆட்கள் நின்ற போராட்டமாகவே அதை நான் பார்க்கிறேன். வடாற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த, ஊரில் தெருவுக்குள்ளேயே விடப்படாத மக்கள் அவர்கள். இந்த ஊரின் வரலாற்றில் எனக்கு மிகவும் பெருமையான ஆண்டு அதுதான்.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புவது பிள்ளைகளின் பிழைப்பானது. என் அக்கா மகனும் அந்த ரயிலில் வளர்ந்தவன்தான். இப்போது அருகிலுள்ள பேத்தமங்கலா பக்கம் விரைவுச்சாலை வந்தபின் மனை வாங்கி வீடு கட்டியிருக்கிறான். பின்புறம் 20க்கு 10 அடியில் ஒரு நீச்சல் குளம். "மாமா, பக்கத்து வீட்டு மாடியில இருந்து பார்த்தா எல்லாம் தெரியுது. என்ன மரம் வெச்சா சீக்கிரம் மறைக்கும்?" என்று கேட்டான். எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்க வாய்த்ததில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது.

அவன் முதலில் சொன்னது மூங்கில் தட்டி. பெங்களூரில் அழகாக மடித்து, நல்ல விலைக்கு விற்கிறார்களாம். அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "தட்டிக்குப் பின்னால நான் இருந்தது போதும்டா."

அடுத்து கொனோகார்ப்பஸ் என்றான். ஒரே ஆண்டில் சுவர்போல எழும்பும் என்று நர்சரிக்காரர்கள் தள்ளிவிடும் மரம். வேர் குழாய்களைத் தேடிப் போகும், மகரந்தம் மூச்சுத்தொல்லை தரும் என்று 2023இல் குஜராத் அரசு அதற்குத் தடை போட்டது. குளத்தின் அடியில் குழாய்கள் ஓடும் வீட்டுக்கு அது ஆகவே ஆகாது. அத்தி இனத்து ஃபைகஸுக்கும் அதே வேர்க்குணம். அரளி அழகுதான், வறட்சியும் தாங்கும். ஆனால் இலை முதல் வேர் வரை விஷம். ஈரக்கையோடு குழந்தைகள் ஓடுகிற இடத்தில் அதை நடக்கூடாது. மூங்கிலை உயிரோடு வைத்தாலும் அதன் சன்ன இலை ஆண்டு முழுவதும் உதிர்ந்து வடிகட்டியை அடைக்கும். நம் கிளுவை வேலி நல்ல வேலி, ஆனால் கோடையில் இலை கொட்டி நிற்கும். குளத்தில் இறங்குவதே கோடையில்தானே!

எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை, கணக்கு இருக்கிறது. பக்கத்து மாடியில் நிற்பவர் கண் தரையிலிருந்து 15 அடி, அவர் மதிலிலிருந்து 20 அடி தள்ளி நிற்கிறார். குளத்தின் தொலைக்கரை இந்தப் பக்கம் 20 அடி. அங்கே ஐந்தரை அடி ஆள் நின்றால், மதிலோரத்தில் 10 அடிக்குச் சற்று மேல் பச்சை இருந்தாலே தலை மறையும். 30 அடி மரம் கேட்டவன் இதைக் கேட்டதும் நிம்மதியானான்.

அந்தப் பக்கத்து வீடு இருக்கும் வடக்குப் பக்கத்துக்கு நெட்டிலிங்கம் சொன்னேன். வேர் அகலாது, இலை உதிர்ந்தாலும் பெரிய இலை, வலையில் அள்ளிவிடலாம். வடக்கில் நிற்பதால் வெயிலும் மறையாது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரமுள்ள ஊரில் மார்கழித் தண்ணீருக்குக் கிடைக்கும் வெயில் அத்தனையும் வேண்டும்.

மேற்குப் பக்கத்துக்கு விராலி. கோலார்ப் பாறைக்குன்றுகளில் யாரும் நீர் ஊற்றாமல் பச்சையாக நிற்கும் செடி. ஆடு பெரும்பாலும் தொடாது, வெட்ட வெட்ட அடரும். 60 அடிக்கு இரண்டு வரிசை, ஒன்றுவிட்டு ஒன்றாக, ஒவ்வொரு வரிசையிலும் 4 அடிக்கு ஒன்று என்று வைத்தால் 30 கன்று போதும். ஆடியில் மேற்கே இருந்து வீசும் காற்றை அது தடுக்கும். காற்று குறைந்தால் குளத்து நீர் ஆவியாவதும் குறையும். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளில் இருந்து கிளம்பும் தூசியிலும் கொஞ்சத்தை இலை பிடித்துக்கொள்ளும்.

தண்ணீரைப் பற்றித்தான் அவனிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசினேன். நாலரை அடி ஆழம் என்றாலும் அந்தக் குளம் 25 ஆயிரம் லிட்டர் பிடிக்கும். கோடையில் நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் வானத்துக்குப் போகும். ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டிய மாவட்டம் இது. ஏரிகளை நிரப்ப, 2018 முதல் பெங்களூர்க் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஆகவே கூரை மழைநீருக்கு ஒரு தொட்டி, குளியலறை நீரை வேலிக்கு விட ஒரு குழாய், பயன்படுத்தாத நாட்களில் குளத்துக்கு மூடி. மூன்றுக்கும் சம்மதித்தான்.

கன்றுகளுக்குச் சொல்லிவைத்தபோது நூறாகக் கேட்டேன். லைன்களில் இன்றும் பொதுக் கழிப்பிடத்துக்கு நடந்து போகிற பெண்கள் இருக்கிறார்கள். சுரங்கம் மூடிய பிறகும் அந்த வீடுகளிலேயே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. நல்ல கழிப்பறை கட்டித் தருவது அரசின் கடமை, செடி அதற்கு ஈடாகாது என்பதையும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதுவரை அந்த நடைபாதையின் இரண்டு பக்கமும் விராலி நட அக்கா மகனும் அவன் கூட்டாளிகளும் ஆனியில் குழி வெட்டுகிறார்கள். எந்த அளவுக்கு நெருக்கி நட வேண்டும் என்று அக்காதான் அளந்து காட்டப்போகிறாள்.