அறுபது ஆண்டு ஆலாபனை

கலையை அரசு கைவிட்டுவிட்டது என்று மேடைதோறும் புலம்புகிறவர்கள் நன்றி கெட்டவர்கள். தோல்பாவைக்கூத்தை எந்த ஊரும் அழைப்பதில்லை, நாதஸ்வரத்துக்குச் சீவாளி செய்ய ஆள் குறைந்துவிட்டது என்று இல்லாததையே எண்ணிக்கொண்டிருந்தால், இருப்பது எப்படிக் கண்ணில் படும்? ஒரு கலையை மட்டும் மைய அரசு, எந்தக் கட்சி ஆண்டாலும், ஒரு நாளும் பட்டினி போட்டதில்லை. பண்பாட்டு நிறுவனங்களைச் சீர்திருத்தக் குழு போட்டு, அறிக்கை வாங்கி, அலமாரியில் அடுக்கும் கலைதான் அது.

இந்தக் கலைக்குக் களம் அமைந்தது 1953-இல். அந்த ஆண்டு சங்கீத நாடக அகாதெமியும், மறு ஆண்டு சாகித்திய அகாதெமியும் லலித் கலா அகாதெமியும் தொடங்கப்பட்டன. மூன்றும் தன்னாட்சி நிறுவனங்கள். பணம் அரசுடையது, முடிவு கலைஞர்களுடையது என்பது ஏற்பாடு. சாகித்திய அகாதெமியின் முதல் தலைவர் பிரதமர் நேருவேதான். தன்னாட்சிக்கு இதைவிட மங்களகரமான தொடக்கம் வேண்டுமா?

பத்தே ஆண்டில் முதல் கச்சேரி. 1964-இல் அகாதெமிகளை ஆராய்ந்தவர் அணு விஞ்ஞானி ஹோமி பாபா. அணுவுக்குள் புகுந்து பார்த்தவருக்கு அகாதெமிக்குள் புகுவது பெரிய காரியமா என்று அரசு நினைத்ததில் தவறே இல்லை. அடுத்தவர் நீதிபதி ஜி.டி. கோஸ்லா, 1970-இல் தொடங்கி 1972-இல் அறிக்கை தந்தார். அதே ஆண்டுகளில் நேதாஜி மறைவு பற்றிய விசாரணையும் அவரிடமே இருந்தது. நேதாஜி என்ன ஆனார், அகாதெமிகளின் தன்னாட்சி என்ன ஆனது என்ற இரண்டு தேடலையும் ஒருவரிடமே ஒப்படைத்த சிக்கனத்தை எப்படிப் பாராட்டாமல் இருப்பது! பிறகு 1988-இல் பி.என். ஹக்சர்; 1990-இல் அவர் அறிக்கை. 2014-இல் அபிஜித் சென்குப்தா தலைமையில் உயர்மட்டக் குழு. இவர் பண்பாட்டுத் துறையின் முன்னாள் செயலர். துறையின் குறையைத் துறைக்கே எடுத்துச் சொல்ல இவரைவிட யார் பொருத்தம்? நடுவில் 2011-இலும் பின்னர் 2023-இலும் நாடாளுமன்ற நிலைக்குழுக்கள் பக்கவாத்தியம் வாசித்தன.

பாணி வேறு, ராகம் ஒன்று. நியமனம் வெளிப்படையாக நடக்க வேண்டும், நிர்வாகம் திருந்த வேண்டும், தன்னாட்சி காக்கப்பட வேண்டும், பணம் போதாது. முந்தைய அறிக்கையின் கதி என்ன என்று விசாரிப்பதும் பிந்தைய குழுவின் வேலை. குரு பாடியதையே சீடன் பிசகாமல் பாடும் இப்படியொரு பரம்பரையை இசை மடங்களில்கூட இன்று காண முடியாது. அறிக்கைகளும் மடிப்புக் குலையாமல் புத்தம் புதிதாக இருக்கின்றன. பயன்படுத்தினால்தானே அழுக்காகும்!

பண விஷயத்தில் அரசின் நிதானம் தனிப் புகழுக்குரியது. 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் பண்பாட்டு அமைச்சகத்துக்கு ஏறத்தாழ 3,360 கோடி ரூபாய். மொத்தச் செலவோ 50 லட்சம் கோடிக்கு மேல். நூறு ரூபாயில் ஏறத்தாழ 7 காசு. காசு பெருத்தால் கலை கெட்டுவிடும் என்ற ஆழ்ந்த அக்கறை இதில் தெரிகிறது. அந்த 7 காசிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொல்லியல் துறைக்குப் போகிறது. இதுவும் நியாயமே. கல்லாய்ச் சமைந்த கலை பாதுகாப்பானது. அது பேசாது, மனுப் போடாது, வாங்கிய விருதைத் திருப்பித் தராது.

உயிரோடிருக்கும் கலைஞரையும் அரசு மறக்கவில்லை. 60 வயதாகி, ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டாமல், மாநில அரசிடம் மாதம் 500 ரூபாயாவது கலைஞர் ஓய்வூதியம் பெற்றுக்கொண்டிருந்தால், மைய அரசு மாதம் 6,000 ரூபாய் வரை உதவுகிறது. ஆறாயிரத்தைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள்: சரியாக 72,000. கலைஞனின் வறுமைக்கு என்ன உயரமோ அரசின் கருணைக்கும் அதே உயரம். ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. நேற்றிரவு களரியில் கயிலாயத்தையே பெயர்த்த ராவணன், இன்று காலை வருமானச் சான்றுக்குத் தாசில்தார் அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான் என்றால், அது அகந்தையை அடக்கும் ஆன்மிகப் பயிற்சி.

2023 செப்டம்பரில் இன்னொரு புதுமையும் நடந்தது. 75 வயது கடந்தும் எந்தத் தேசிய விருதும் பெறாத 84 கலைஞர்களுக்குச் சங்கீத நாடக அகாதெமி ‘அமிர்த’ விருது வழங்கியது. இத்தனை காலம் கண்டுகொள்ளாமல் விட்டதையே தகுதியாக மாற்றும் சாமர்த்தியம் வேறு எந்த நாட்டுக்கு வாய்க்கும்?

விருது என்றதும் 2015 நினைவுக்கு வராமல் போகாது. சாகித்திய அகாதெமி விருது பெற்ற கன்னட அறிஞர் எம்.எம். கல்புர்கி ஆகஸ்ட் 30 அன்று தார்வாடில் சுட்டுக் கொல்லப்பட்டார். அகாதெமியின் செயற்குழு கூடிக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது அக்டோபர் 23-இல். இலக்கிய அமைப்பல்லவா, ஒவ்வொரு சொல்லையும் செதுக்க ஏறத்தாழ எட்டு வாரம் பிடிக்கத்தானே செய்யும்? அதற்குள் நயன்தாரா சேகல், அசோக் வாஜ்பேயி, உதய் பிரகாஷ் என்று பலர் அவசரப்பட்டு விருதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த அவசரத்துக்கு 2023 நிலைக்குழு அருமருந்து கண்டது. இனி விருது தருவதற்கு முன்பே, திருப்பித் தரமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டுமாம். எழுத்தாளரை ஏன் கொன்றார்கள் என்பது சிக்கலான கேள்வி. பட்டயம் ஏன் திரும்பி வந்தது என்பது தீர்க்கக்கூடிய கேள்வி. தீர்க்கக்கூடியதை முதலில் எடுத்துக்கொள்வதுதானே நல்ல நிர்வாகம்?

கட்சிகளின் ஒற்றுமையைச் சொல்லாவிட்டால் இந்தப் புகழுரை நிறைவடையாது. எதிர் வரிசையில் அமர்ந்தால் எல்லாருக்கும் தன்னாட்சி மூச்சாகிவிடுகிறது; ஆளும் வரிசைக்கு மாறியதும் அந்த மூச்சுக்குப் பொறுப்பான காவலர் தேவைப்படுகிறார். இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தின் அறக்கட்டளையை 2000-இல் பாஜக கூட்டணி மாற்றி அமைத்தது. காங்கிரஸ் கூட்டணி வந்து தன் விருப்பப்படி மாற்றியது. 2016-இல் மீண்டும் பாஜக மாற்றியது. லலித் கலா அகாதெமியில் முறைகேடு என்று சொல்லி 2015-இல் அதன் நிர்வாகத்தை அமைச்சகமே ஏற்றுக்கொண்டது. முறைகேட்டைக் களையும்போது தன்னாட்சியையும் சேர்த்துக் களைந்துவிட்டால் அது மறுபடி முளைக்காது என்பது அனுபவ அறிவு. நாடாளுமன்றத்தில் நடக்கும் காரசாரமான விவாதமெல்லாம் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பது பற்றித்தான். பெட்டி பூட்டியே இருக்க வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அடுத்த குழுவும் விரைவில் அமையும். இத்தனை தழைத்த மரபு அறுந்துவிடாது. அந்தக் குழுவின் பார்வைக்கு ஒரே ஒரு பணிவான பரிந்துரை. விருதைத் திருப்பித் தரமாட்டேன் என்று எழுதி வாங்கும் அதே தாளில் இன்னொரு வரியையும் சேர்த்துக்கொள்ளலாம்: இதுவரை வந்த அறிக்கைகள் நடைமுறைக்கு வரும் நாள்வரை நான் சாகவும் மாட்டேன் என்று. கலைஞர் மறுக்க முடியாது. ஓய்வூதியத்துக்காக ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கேட்டு, அரசு தன் பங்குக்கு அதை ஏற்கெனவே சரிபார்த்துக்கொண்டுதானே இருக்கிறது.