கண்ணாடித் தொட்டியில் பொருத்தம்: தில்லியை முன்வைத்து ஒரு பன்முக மறுவாசிப்பு

அறுபது லிட்டர் தொட்டியில் எந்த மீனை எந்த மீனோடு குடிவைப்பது என்ற வினா ஆய்வுலகில் இதுகாறும் உரிய கவனம் பெறவில்லை. இதை ஆய்ந்து யாரும் முனைவர் பட்டம் வாங்க முடியாது என்பதே காரணம் எனலாம், எனாமலும் இருக்கலாம். களப்பணி பழைய தில்லியில், ஜாமா மசூதி வட்டாரத்து மீன் கடைகளில் நிகழ்ந்தது. ஜாதகத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள் இங்கே சிலவற்றோடு திருப்தி அடைய வேண்டும்.

நீர்ப் பொருத்தம்: நியான் டெட்ரா அமேசான் படுகையின் மென்னீரில் பிறந்தது. தில்லியின் போர்வெல் தண்ணீரோ வாளியில் வெள்ளைக் கறை படியவைக்கும் கடின நீர். அதில் மோலியும் கப்பியும் சௌக்கியமாக இருக்கும். நியானும் இருக்கும் என்றொரு மாற்றுக் கருத்து உண்டு (கடைக்காரர், வாய்மொழி, பேரத்துக்கு முன்).

குளிர்ப் பொருத்தம்: ஜனவரி இரவில் தில்லி ஐந்து டிகிரிக்கும் கீழே இறங்கும், ஹீட்டர் இல்லாமல் வெப்பமண்டல மீன் தாங்காது.

வாய்ப் பொருத்தம்: ஒன்றின் வாய்க்குள் இன்னொன்று நுழையுமானால் பொருத்தம் இல்லை. வளர்ந்த ஏஞ்சல் மீன் 15 செ.மீ., நியான் 3 செ.மீ. மீதியைக் காலையில் எண்ணிக்கொள்ளலாம்.

குணப் பொருத்தத்தில்தான் அறிஞர்கள் வருகிறார்கள். டைகர் பார்ப் மீனை 1855இல் பிளீக்கர் காப்போயிடா பேரினத்தில் சேர்த்தார். பிறகு அது பார்பஸ் ஆனது, புன்டியஸ் ஆனது, 2013இல் புன்டிக்ரஸ் ஆனது. ஒவ்வொரு பெயர்மாற்றத்துக்கும் ஒரு கட்டுரை, ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு மறுப்பு. இத்தனை காலமும் அந்த மீன் ஒரே வேலையைத்தான் செய்துவந்தது: ஏஞ்சலின் நீண்ட துடுப்பையும் கப்பியின் வாலையும் கடித்தது. ஆறேழாகச் சேர்த்து விட்டால் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு பிறரை ஓரளவு விட்டுவைக்கும். இவ்வழக்கம் மீன்களுக்கு மட்டும் உரியதன்று (காண்க: எந்தப் பல்கலைக்கழகத் துறையும்).

ஆண் ஃபைட்டர் மீன் தொட்டிக்கு ஒன்று.

அந்த ஒன்றையும் கிண்ணத்தில் வைக்கக் கூடாது என்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 மே மாதம் விதி வகுத்தது. விதி நல்லது. ஆனால் அதே விதிகள் மீன் காட்சித் தொட்டிகளில் திமிங்கல இனங்கள், பென்குயின், நீர்நாய், மனாட்டி ஆகியவற்றை வைக்கவும் தடை போட்டன. இரண்டடித் தொட்டியில் திமிங்கலம் வளர்த்துவந்த ஜனக்புரிக் குடும்பங்கள் பட்ட பாடு எங்கும் பதிவாகவில்லை. பென்குயினுக்கும் கப்பிக்கும் பொருத்தம் உண்டா என்பது இவ்வாறு சட்டப்படி முடிந்த வினா. விதிகள் பின்னர் திரும்பப் பெறப்பட்டதால் மீண்டும் திறந்த வினா. நிதி கிடைத்தால் ஆய்வு தொடரும்.

இறுதியாக, ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கப்படும் சக்கர் மீன். விரல் நீளத்தில் வாங்குவது, சாப்பாடு கிடைத்தால் ஒன்றரை அடிக்கு நெருங்கும். தொட்டியின் அகலமோ ஓரடி. அது எப்படித் திரும்பும் என்று கேட்கப்பட்டது. “சப் சலேகா ஜி” (எல்லாம் நடக்கும்) என்பது பதில் (அதே கடைக்காரர், அதே நாள், பணம் எண்ணிய பின், அவருடைய மைத்துனர் கருத்து வேறுபடுகிறார், ஆனால் அவர் பக்கத்துக் கடையில் பெரிய தொட்டி விற்பவர் என்பதால் அச்சான்று விலக்கப்பட்டது).