கடாரம் போவோர் கவனத்துக்கு

கப்பல் சுற்றுலா விளம்பரம் திருத்துறைப்பூண்டி வரைக்கும் வந்துவிட்டது. மேல்தளத்தில் நீச்சல் குளம், நள்ளிரவில் பஃபே, விடிய விடியப் பாட்டு என்று படம் போட்டு, வாழ்நாளில் ஒருமுறையாவது கடலில் போய்ப் பாருங்கள் என்று கூப்பிடுகிறார்கள். யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள்? தென்மேற்கே முத்துப்பேட்டை, தென்கிழக்கே வேதாரண்யம், வடகிழக்கே நாகப்பட்டினம் என்று மூன்று பக்கமும் உப்புக்காற்று அடிக்கிற ஊர் இது. வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒருவர் கப்பலேறியிருப்பார். புதிதாக டிக்கெட் வாங்குகிறவர்கள் கம்பெனிக்காரன் கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு, முன்னே போனவர்கள் பட்ட பாட்டைக் கொஞ்சம் கேட்டுக்கொள்வது நல்லது. கடலைப் பற்றி அவர்கள் அதிகம் குறைப்பட்டுக்கொண்டதில்லை. புலம்பல் எல்லாம் கரையைப் பற்றித்தான்.

முதலில் ராஜேந்திர சோழன். 1025 வாக்கில் அவன் கடல் கடந்து கடாரம் வரை நடத்தியதை வரலாற்றுப் புத்தகங்கள் படையெடுப்பு என்கின்றன. அவன் புகழைக் கல்வெட்டில் பாடும் மெய்க்கீர்த்தியை நிதானமாகப் படித்தால் சுற்றுலாக் கம்பெனி நோட்டீஸ் மாதிரியே இருக்கும். ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம். மொத்தம் 13 ஊர், ஒரே பயணம். இந்த ஊரில் தேன் சொட்டும் சோலை, அந்த ஊரைச் சுற்றி ஆழமான தண்ணீர் என்று ஊருக்கு ஊர் வர்ணனை வேறு. வாந்தி எடுத்தவன் எத்தனை பேர், குடிதண்ணீர் எத்தனையாவது நாள் நாறியது என்று ஒரு வார்த்தை கிடையாது. விளம்பரம் எழுதும் கலை அன்றைக்கே முற்றிவிட்டது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அலைகடலில் பல கலங்களைச் செலுத்தினான் என்றுதான் கல்வெட்டு சொல்கிறது. தானும் ஏறினான் என்று அதில் வெளிப்படையாக இல்லை. கப்பல் பயணம் பற்றி நம் வட்டாரத்தில் கிடைக்கும் மிகப் பழைய ஆலோசனை இதுதான்: அடுத்தவனை அனுப்பிவிட்டுப் பெயரை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூட்டை முடிச்சு விஷயத்திலும் சோழர்கள் தாராளம். கடாரத்து அரசனை யானைகளோடு பிடித்தார்கள், ஸ்ரீவிஜயத்து விச்சாதிரத் தோரண வாயிலையும் மணி பதித்த கதவுகளையும் கைப்பற்றினார்கள் என்று பட்டியல் நீள்கிறது. ஊர் வாசற்கதவைக் கழற்றுகிறவனிடம் எத்தனை கிலோ என்று கேட்க அன்று கவுண்டரில் ஆள் இல்லை. இதில் கொஞ்சம் சங்கடமான விஷயம், சோழ வீடும் ஸ்ரீவிஜய வீடும் ஏற்கெனவே போக்குவரத்து உள்ளவை. 1006 வாக்கில் ஸ்ரீவிஜய அரசன் நாகையில் சூடாமணி விகாரம் எழுப்ப, ராஜராஜன் அதன் செலவுக்கு ஆனைமங்கலத்தை எழுதி வைத்தான். அப்பா கொடுத்ததைச் செப்பேட்டில் உறுதி செய்தவன் ராஜேந்திரன்தான். அப்புறம் அவனே ஆள் அனுப்பிக் கதவைக் கழற்றினான். மறுவிருந்துக்குப் போகும் முறை இப்படியும் உண்டு. 1090இல் கடாரத்துத் தூதர்கள் குலோத்துங்கனிடம் வந்து, விகாரத்து ஊர்களுக்கு வரிவிலக்கைச் செப்பேட்டில் வாங்கிக்கொண்டு போனார்கள். கதவு பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. காரியம் ஆக வேண்டியவன் பழைய கணக்கைக் கிளறமாட்டான். இரண்டு செட் செப்பேடுகளும் பிற்பாடு ஹாலந்துக்குக் கப்பலேறி, லைடன் செப்பேடுகள் என்று பேர் மாறிவிட்டன. கப்பல் ஏறினால் பேர் மாறுவது ஆளுக்கு மட்டும் நேர்வதில்லை.

எந்த மாதம் கிளம்பலாம் என்று கேட்பவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். பாய்மரக் காலத்தில் காற்று பார்த்துத்தான் கிளம்பினார்கள், காற்று பார்த்துத்தான் திரும்பினார்கள். நடுவில் மாதக்கணக்கில் அக்கரையில் உட்கார்ந்திருந்தார்கள். கஜா புயல் 2018 நவம்பரில் வந்து தென்னையெல்லாம் படுத்ததைப் பார்த்த ஊருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் நாகை–காங்கேசன்துறைக் கப்பலை 2023 அக்டோபர் 14 அன்று, புரட்டாசி கடைசியில், கொடியசைத்துத் தொடங்கினார்கள். ‘செரியாபாணி’ என்று பேர். ஐப்பசி பிறந்த கையோடு, பருவமழை என்று நிறுத்தியாயிற்று. அக்கரைப்பேட்டையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் யாரைக் கேட்டிருந்தாலும் டீக்காசு செலவில்லாமல் சொல்லியிருப்பார். மறுபடி ஓடியது 2024 ஆகஸ்டில், ‘சிவகங்கை’ என்ற வேறு கப்பலோடு. கடல் ஓரம் இல்லாத ஊரின் பேரைக் கப்பலுக்கு வைத்ததில் ஏதோ முன்ஜாக்கிரதை தெரிகிறது.

கரை தரும் தொல்லையில் முதலிடம் சொந்தக்காரர்களுக்கு. கும்பகோணத்துக் கணிதமேதை ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் ‘நெவாசா’ கப்பலில் ஏறினார். முடிவிலித் தொடர்களை மனசுக்குள்ளேயே கூட்டியவருக்குக் கடலைத் தாண்டினால் தோஷம் என்ற ஒரு கணக்குத்தான் இடித்தது. குலதெய்வமான நாமகிரித் தாயார் அம்மாவின் கனவில் வந்து உத்தரவு கொடுத்த பிறகே வீட்டில் வழிவிட்டார்கள் என்பது கதை. குடுமியை எடுப்பதற்கு முன் அம்மாவையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு ரயிலேற்றி அனுப்பிவிட்டார். வழியனுப்ப வருகிறவர்களை முதலில் வழியனுப்பிவிடுவது, பயணத்தில் பாதி வேலை முடிந்த மாதிரி. லண்டன் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் 14. அந்த நாலு வாரக் கடலைப் பற்றிச் சொல்ல அவ்வளவு கதை இல்லை.

நம் பக்கத்து ஆட்கள் கும்பலாக ஏறியது ‘ராஜூலா’வில். கிளாஸ்கோவில் கட்டி 1926இல் ஓட்டத்துக்கு விட்ட கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று வருஷக்கணக்கில் போய்வந்தது. அறைவாசிகள் சொற்பம், ஆரம்பத்தில் ‘டெக்’ பயணிகள் மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற அனுமதி இருந்தது. பிழைக்கக் கடல் கடக்கும் முத்துப்பேட்டைச் சபராளி, மன்னார்குடிச் செட்டியார் கடைக் கணக்கப்பிள்ளை, தோட்டத்துக்குக் கங்காணி கூட்டிப்போகும் குடும்பம் எல்லாரும் ஒரே தட்டில் பாய் விரிப்பார்கள். கங்காணியோடு போனவர்களுக்கு இது உல்லாசமில்லை. ஊரில் கடன், நாகை டெப்போவில் அம்மைக் குத்து, பினாங்குக்கு எதிரே ஜெரஜாக் தீவில் குவாரன்டைன், அப்புறம் ரப்பர் மரம். 1938இல் இந்திய அரசு தடை போட்ட பிறகுதான் அந்த ஆள்சேர்ப்பு நின்றது.

நாகையில் பெரிய கப்பல் கரையோரம் வராது. தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டு நிற்கும். படகில்தான் போக வேண்டும். பாட்டி பயந்து ‘நடுக்கடல்ல கப்பல் கவுந்துட்டா என்னடா பண்ணுவே?’ என்று கேட்பாள். அவள் கேட்டிருக்க வேண்டியது படகைப் பற்றி. படகு அலையில் ஒரு ஆள் உயரம் ஏறும், அதே வேகத்தில் இறங்கும். ஏணியைப் பிடிக்க வேண்டியது படகு மேலே வந்து ஒரு நொடி நிற்கும்போது. யோசித்தால் படகு கீழே போய்விடும், கையில் ஏணி மட்டும் இருக்கும். டிரங்குப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ‘அண்ணே, பிடிங்கண்ணே’ என்று கத்துகிறவர்கள் ஒரு பக்கம். சாமி பேர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடிக்காமல் நகரமாட்டேன் என்கிறவர்கள் இன்னொரு பக்கம்.

ஏறியவுடன் ஓட வேண்டும். கப்பலின் நடுப்பகுதிதான் குறைவாக ஆடும். முன்மூக்கிலும் பின்வாலிலும் தூக்கித் தூக்கிப் போடும். ஆகவே பாயை நடுவில் விரிக்க வேண்டும். ஆனால் எஞ்சின் அறைச் சூடு ஏறுகிற இடம் கூடாது, கக்கூஸ் போகும் வழி கூடாது, கருவாட்டு மூட்டைக்கு அடுத்த இடம் கூடவே கூடாது. இத்தனையும் அமைந்த இடத்தில் ஏற்கெனவே யாராவது படுத்துக்கொண்டு, தூங்குவது போல் நடித்துக்கொண்டிருப்பார். இன்றைய சொகுசுக் கப்பலிலும் கணக்கு இதுதான். தலைசுற்றல் உள்ளவர்கள் கீழ்த்தளத்தில், நடுவாக உள்ள அறையைக் கேட்டு வாங்குங்கள். பால்கனி அறை மேலே இருக்கும், அதிகம் ஆடும், காசும் அதிகம்.

திருத்துறைப்பூண்டியில் குடியிருப்பவர் பிறவி மருந்தீஸ்வரர். பிறவிப் பிணிக்கே மருந்து வைத்திருக்கிறார். கப்பல் குமட்டலுக்கு மட்டும் நாம்தான் கட்டிக்கொண்டு போக வேண்டும்: இஞ்சி மரப்பா, உப்பு நார்த்தங்காய். வெறும் வயிறும் ஆகாது, முட்ட முட்டத் தின்பதும் ஆகாது. படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பதைவிட, மேல்தட்டில் நின்று அடிவானத்தைப் பார்த்தால் தேவலாம். அப்படியும் வந்துவிட்டால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுக் குனியுங்கள். இதைப் பார்க்காதவனுக்கும் பக்கத்தில் நின்றவனுக்கும் சிங்கப்பூர் வரை பேச்சுவார்த்தை இருந்ததில்லை.

ராஜூலாவை 1973இல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி ‘ரங்கத்’ என்று பேர் மாற்றி, மறுவருஷமே உடைக்கக் கொடுத்துவிட்டது. அடுத்து ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அதோடு அந்தத் தடம் முடிந்தது. பிறகு ஜனங்கள் ஏரோப்பிளேனுக்கு மாறிவிட்டார்கள். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கார்டிலியா சொகுசுக் கப்பல் கிளம்பியபோது, கரை தன் பழைய வேலையைக் காட்டியது. புதுச்சேரியில் நிறுத்த அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நீச்சல் குளம், பஃபே எல்லாம் இருந்தும், அங்கே இறங்க வழி இல்லை.

திரும்பி வரும்போது சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். அது சுலபம், ஒருமுறைதான் திறக்க வேண்டும். ஊரில் அப்படியில்லை. ராஜேந்திரன் கதவைக் கொண்டுவந்து பேரெடுத்தான். மலாயா சபராளியிடம் ஊர் எதிர்பார்த்தது கோடாலித் தைலம், லுங்கி, டார்ச் லைட், குடை. ‘அத்தைக்கு ஒண்ணும் இல்லியா தம்பி?’ என்று கேட்டு வருகிறவரில் பாதிப்பேர் எந்த வழியில் அத்தை என்று அம்மாவுக்கே தெரியாது. தைலத்தைப் பெட்டியில் மேலாக வைக்காதீர்கள். நாலு பாட்டிலைக் கைலிக்குள் சுருட்டி அடியில் போட்டுவிட்டு, கேட்டால் தீர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள். வாசனை காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே சொல்லும்போது நெற்றியில் கொஞ்சம் தடவிக்கொண்டு சொல்லுங்கள்.