டார்ச்சை நடத்துவதா, தூக்கிப் பிடிப்பதா?

கேள்வி: செங்குத்தாக நிற்கும் இரும்பு மூலையில் டிக் வெல்டிங் அடிக்கும்போது, டார்ச் முனையிலுள்ள கப்பை ஆட்டி ஆட்டி நடத்துவது மேலா, டார்ச்சைக் கையில் தூக்கிப் பிடித்து ஓட்டுவது மேலா? பட்டறையில் இரண்டு அண்ணன்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– ஒரு வாசகர், நீடாமங்கலம்

பதில்: ஒருவர் குழாய் அடித்தவர், இன்னொருவர் தகடு அடித்தவர். விசாரித்துப் பாருங்கள்!

கப்பை இரு பக்கமும் முட்டுக் கொடுத்து ஏற்றினால் ஆர்க் நீளம் மாறாது, கை நடுங்காது. குழாய்க்கும் தடித்த தகட்டுக்கும் அதுவே ராஜா. 3 மி.மீ. தகட்டில் அப்படி ஆடிக்கொண்டிருந்தால் சூடு மிஞ்சி ஓரத்தில் பள்ளம் விழும். அங்கே சுண்டு விரலை ஊன்றி, கையாலேயே ஓட்டுங்கள். உருகிய குளம் பளபளத்ததும் கம்பியைத் தொட்டு எடுங்கள்.

எதுவானாலும் கீழிருந்து மேலேதான். உறைந்த உலோகமே அடுத்த துளிக்குத் திண்ணை. மேலிருந்து இறங்கினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் வேர் சரியாகப் பிடிக்காது. படுக்கை வேலைக்கு வைப்பதைவிட ஆம்பியரைக் கொஞ்சம் குறையுங்கள். அவசரப்பட்டால் குளம் வழியும். ரயில்வே கேட்டில் நின்று பழகிய நீடாமங்கலத்துக்குப் பொறுமையை நான் சொல்லித்தர வேண்டுமா?

வேர்க்கிறதென்று ஃபேனை மட்டும் போட்டுவிடாதீர்கள். வெல்டைக் காக்கும் ஆர்கான் வாயு பறந்துவிடும், வெல்டு முழுக்கப் பொத்தல்தான்.

இந்தச் செங்குத்து மூலைக்கு வெல்டர் தேர்வில் 3எஃப் என்று பெயர். திருச்சி பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இருக்கிறது, பயிற்சியும் தருகிறார்கள். அண்ணன்கள் இருவரையும் சேர்த்தே கூட்டிப் போங்கள்.