முகவரி தானம் செய்த மகராசர்கள்

கணினி முகவரிக்கு 32 பிட் போதும் என்று, இணையத்தை வடிவமைத்தவர்களுள் ஒருவரான வின்ட் செர்ஃப் 1977இல் முடிவுகட்டினார். ஏறத்தாழ 429 கோடி முகவரி. இது வெறும் சோதனைதானே என்று நினைத்ததாகப் பிற்காலத்தில் சொன்னார். அந்தச் சோதனை இன்னும் முடிந்தபாடில்லை.

1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் இந்த முகவரி விதிகளைத் தொகுத்து வெளியிட்டபோது வலையில் இருந்தவை சில நூறு கணினிகள். சில நூறு பேர் குடியிருக்க 429 கோடி மனை! கை தாராளமாகாமல் என்ன செய்யும்? ஏ கிளாஸ் பட்டா என்றால் 1,67,77,216 முகவரி; பி கிளாஸ் 65,536; சி கிளாஸ் 256. இடைப்பட்ட அளவே கிடையாது. முந்நூறு கணினி வைத்திருந்தவன் சி-யில் அடங்க மாட்டான். பி வாங்கிக்கொண்டு மிச்ச அறுபத்தையாயிரத்தைத் தரிசாகப் போட்டான். 18இல் தொடங்கும் முகவரி முழுக்க எம்ஐடிக்குப் போனது. 19 கார் செய்யும் ஃபோர்டுக்கு. ஸ்டான்ஃபோர்டு 2000இல் தன் 36ஐத் திருப்பிக் கொடுத்து நல்ல பெயர் வாங்கியது. எம்ஐடி 2017 வரை பொறுத்திருந்து, உபரியை விற்றுக் காசாக்கியது. எது புத்திசாலிப் பல்கலைக்கழகம் என்று நீங்களே சொல்லுங்கள்.

வாங்கிய நிலத்தை உள்ளுக்குள் பாகம் பிரிக்க 1985 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 950 என்ற விதி ஆவணம் வந்தது. சப்நெட் மாஸ்க் அதன் கைங்கரியம். மாஸ்க்கின் பிட்டுகள் அடுத்தடுத்து இருந்தால் நல்லது என்று சொன்னார்களே தவிர, கட்டாயப்படுத்தவில்லை. அண்ணனுக்கு ஒற்றைப்படை மனை, தம்பிக்கு இரட்டைப்படை மனை என்று பிரித்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமிருந்தது! 1993இல் சைடர் என்ற புது முறை வந்து ஏ, பி, சி எல்லாவற்றையும் ஒழித்து, /26 மாதிரி ஒரு சாய்கோட்டில் விவகாரத்தை முடித்தது. அன்றிலிருந்து நெட்வொர்க் பார்ப்பவர்களுக்கு விரல்விட்டு எண்ணிக் கட்டுப்படியாகவில்லை; கணக்குப் போட்டுத்தர ஒரு கருவி தேவைப்பட்டது.

கணக்கு ஒன்றும் பிரமாதமில்லை. முகவரியையும் மாஸ்க்கையும் பிட் பிட்டாக ‘ஆண்ட்’ செய்ய வேண்டும், அவ்வளவுதான். 192.168.1.77/26 என்றால் நெட்வொர்க் 192.168.1.64, பிராட்காஸ்ட் 192.168.1.127, நடுவில் 62 கணினி.

இந்தக் கணக்குக் கருவியை ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்துக்கு ஒரு போர்ட்டாகக் கட்ட உட்காரும்போதுதான் வேடிக்கை ஆரம்பம். போர்ட் என்பது மென்பொருளைக் கட்டி நிறுவ 1994இல் ஜோர்டன் ஹப்பர்ட் தொடங்கிவைத்த ஏற்பாடு. முதலில் ஒரு மேக்ஃபைல். மூலக்கோப்பை வழியில் யாரும் மாற்றவில்லை என்று உறுதிசெய்ய, டிஸ்ட்இன்ஃபோவில் ஷா256 ஹாஷும் கோப்பின் அளவும். விளக்கத்துக்குத் தனிக் கோப்பு. நிறுவப்படும் கோப்புகளைப் பெயர் பெயராகச் சொல்ல பிளிஸ்ட்; அதில் ஒன்று விட்டுப்போனால், கருவியை நீக்கிய பிறகும் அது அனாதையாகக் கிடக்கும். ஒருவரிக் குறிப்பு வேறு: 70 எழுத்துக்குள் முடிய வேண்டும், கடைசியில் முற்றுப்புள்ளி ஆகாது, கருவியின் பெயரை அதில் மறுபடி சொல்லக்கூடாது. எல்லாம் எழுதி நிமிர்ந்தால் போர்ட்லின்ட் என்கிற சோதனைக்காரர் வந்து, டேப் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பேஸ் இருக்கிறதே என்பார். போகட்டும் என்று திருத்தினால் அடுத்த வழக்கு: இது ‘நெட்’ பிரிவா, ‘நெட்-எம்ஜிஎம்டி’ பிரிவா? ஒரு ‘ஆண்ட்’டுக்கு இத்தனை பஞ்சாயத்து.

பெயரிலும் அடிதடி உண்டு. டெபியன் லினக்ஸில் ‘ஐபிகால்க்’ என்றால் பெர்லில் எழுதிய கருவி. வண்ணம் பூசி, பைனரியையும் விரித்துக் காட்டும். ரெட் ஹாட்டில் அதே பெயரில் இருப்பது வேறு ஆள். ஷெல் ஸ்கிரிப்டுகளுக்குச் சேவகம் செய்யப் பிறந்தது. இரண்டாமவர் டெபியன் வீட்டுக்கு வந்தபோது பெயர் ஏற்கெனவே போயிருந்தது. ‘ஐபிகால்க்-என்ஜி’ என்று வாலைச் சேர்த்துக்கொண்டு உள்ளே நுழைய வேண்டியதாயிற்று.

சரி, கணக்காவது சுலபம் என்றிருந்தோம். 2021இல் அந்த நம்பிக்கையும் போனது. ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் கிடங்கான என்பிஎம்மில் பலரும் நம்பிப் பயன்படுத்திய ‘நெட்மாஸ்க்’ தொகுப்பு, 012.0.0.1 என்பதைப் பன்னிரண்டு என்று படித்தது. பழைய யூனிக்ஸ் வழக்கப்படி பூஜ்யத்தில் தொடங்கினால் எட்டை அடிமானமாகக் கொண்ட எண்முறை; அதில் 012 என்றால் பத்து. வெளியூர் முகவரிதானே என்று இந்தத் தொகுப்பு வழிவிட்டால், வந்த ஆள் 10இல் தொடங்கும் உள் நெட்வொர்க்குக்குள் போய் உட்கார்ந்துவிடலாம். தொகுப்பு போடும்போது பெயர் கேட்கிறார்கள், பதிப்பு எண் கேட்கிறார்கள், உரிமம் கேட்கிறார்கள். முன்னால் பூஜ்யம் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.