கொப்பிப் பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு நன்றிக் கடிதம்

மதிப்புக்குரிய கல்வி அதிகாரிகளே, பட்டியல் போடுகிற ஐயாமாரே, அம்மாமாரே,

கிழக்கு மாகாணத்துச் சொறிக்கல்முனையிலிருந்து ஒரு பெற்றார் எழுதுகிறேன். முதலில் என் நன்றி. பெரும்போக வெள்ளாமை வயலில் நிற்கும்போதே உங்கள் கொப்பிப் பட்டியல் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அறுவடைக்கு முன்பே கடன்படும் பழக்கம் எங்களை விட்டுப் போகாமல் காப்பாற்றுகிறீர்கள்.

பாடத்துக்கு ஒரு புதுக் கொப்பி. கணிதத்துக்குச் சதுர ரூல், தமிழுக்கு ஒற்றை ரூல், சிலதுக்கு 120 பக்கம், சிலதுக்கு 200. எல்லாவற்றுக்கும் பிரவுன் பேப்பர் உறை. மூன்றாம் தவணை முடிந்து பையைக் கவிழ்த்தால் பாதிக் கொப்பி வெள்ளையாகவே விழுகிறது. சித்திரக் கொப்பியில் இரண்டு மலை, நடுவில் ஒரு சூரியன், அவ்வளவுதான். (வயலும் வாய்க்காலுமான இந்த ஊரில் பிள்ளை மலையை எங்கே பார்த்தது என்பதும் உங்களுக்கே வெளிச்சம்.)

எங்கள் வீட்டு அம்மம்மாவுக்குப் பட்டியல் வாசிக்கத் தெரியாது. கொப்பியின் நடுப் பின்னைக் கழற்றி, எழுதாத தாள்களைச் சோடி சோடியாக உருவுவார். ஒற்றைத் தாளாகக் கிழித்தால் மறுபாதி தானாகக் கழன்றுவிடும் என்பது அவர் கண்ட விஞ்ஞானம். பிறகு சாக்கு ஊசியால் ஒரு தையல், போன வருடக் கலண்டரில் ஓர் உறை. கொப்பி தயார்! அதைக் கொண்டுபோன பிள்ளை, “பட்டியலில் உள்ள கொப்பி கொண்டு வரவும்” என்ற துண்டோடு திரும்பி வந்தது. எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. 1980 முதல் அரசாங்கம் இலவசமாகப் பாடநூல் தருகிறது. வருடக் கடைசியில் அதைத் திருப்பி வாங்கி, நல்லதாக இருந்தால் அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பதும் உண்டு. முன்னவன் அரசர்களுக்கு வரைந்த மீசையோடு அந்த நூல் வரும்; யாரும் குறை சொல்வதில்லை. பழைய நூலில் படித்தால் சிக்கனம், பழைய தாளில் எழுதினால் மானக்கேடா?

2022 மார்ச்சில் தாள் இறக்குமதிக்கு டொலர் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்டது. எங்கள் வெற்றுத் தாள்கள் அலுமாரிக்குக் கீழே சும்மா கிடந்தன. கேட்டிருந்தால் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருப்போம், பஸ்ஸுக்கு டீசல் இருந்திருந்தால்.

வைக்கோலிலிருந்தே தாள் செய்த வாழைச்சேனை ஆலை இருப்பதும் இதே கிழக்கு மாகாணத்தில்தான். ஆனாலும் இன்றைக்கு எங்கள் கொப்பிகளை மதிக்கிறவர் கச்சான்காரர் ஒருவரே. செப்டம்பரில் எங்கள் ஊர்த் திருச்சிலுவைத் திருவிழாவுக்கு வாருங்கள். கச்சான் சுருளை விரித்தால் சிவப்பு மையில் “மிக நன்று” என்று எழுதியிருக்கும். உங்கள் ஆசிரியரின் கையெழுத்துத்தான்.

அடுத்த பட்டியலின் அடியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: “போன வருடக் கொப்பிகளில் மிஞ்சிய தாள்களைத் தைத்துக் கொண்டுவரலாம்.” அதை அச்சடிக்கத் தாள் இல்லையென்றால் சொல்லியனுப்புங்கள், எங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
பட்டியலுக்குக் கீழ்ப்படிந்த பெற்றார் ஒருவர்,
சொறிக்கல்முனை.